தோற்றால்தான் தம்பி வருவான்

செப்டம்பர் 9, திங்கள்

கொக்குகள் தோற்றுவிட்டன. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

கொக்கு என்பது தம்பியின் அணி. ஹெரன்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் ஓர் ஏரிக்கரை நகரத்து அமெரிக்கன் ஃபுட்போல் அணி. பச்சைச் சட்டையில் இருந்த பறவையைப் பார்த்த முதல் நாளே அம்மா அதைக் கொக்கு என்று மொழிபெயர்த்துவிட்டார். தம்பி கஜமுகன், அம்மாவின் வாயில் கசன், அங்கே பன்டர். பந்தைக் கையிலிருந்து விட்டு, அது நிலத்தில் விழுமுன் காலால் உதைத்து, எதிரணியின் பக்கத்துக்கு எவ்வளவு தூரம் அனுப்பலாமோ அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டும். அது மட்டும்தான் வேலை. உதைத்துவிட்டு வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்துவிடுவான்.

இந்த விளையாட்டை எங்கள் வீட்டில் முதலில் விளங்கிக்கொண்டவர் அம்மாதான். நானும் இவரும் விதிகளை இணையத்தில் தேடி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "அவையள் பத்து யார் தூரம் போகவேணும். அதுக்கு நாலு தரம் குடுப்பினம். மூண்டு தரமும் ஏலாமப் போனா, நாலாந்தரம் கசனைக் கூப்பிட்டு, பந்தைத் தூரத் துலை எண்டு சொல்லுவினம்."

அதாவது அணி நன்றாக ஆடினால் தம்பி வெளியே நிற்பான். தடுமாறினால் உள்ளே வருவான். இது விளங்கிய நாளிலிருந்து அம்மா பிள்ளையாரிடம் ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கிறார். மகன் பந்து உதைக்க வருகிற ஒவ்வொரு தடவைக்கும் கோயிலில் ஒரு சிதறு தேங்காய். அதாவது, கொக்குகள் தடுமாற வேண்டும் என்று மெல்பேர்ணில் ஒரு மனுஷி நேர்த்தி வைத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கோச்சுக்கு இது தெரிந்தால் அம்மாவுக்கு விசாவே கிடைக்காது.

அங்கே ஞாயிறு ஆடுவது இங்கே திங்கள் காலை வரும். இன்று தம்பி வந்தான், போனான், வந்தான், போனான். ஒரு கூடைத் தேங்காய் சேர்ந்துவிட்டது. அம்மா தோசையில் பாதியை மிச்சம் விட்டிருந்தார். சந்தோஷத்தில் பசிக்கவில்லையாம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

தம்பி வீடியோவில் கதைத்தான். அம்மாவுக்கு அவனுடைய தாடிதான் பிரச்சினை. முகத்தைக் காணவில்லை, யாரோ சாமியாருடன் கதைப்பதுபோல் இருக்கிறது என்று முறைப்பாடு. "சீசன் முடியட்டும் அம்மா, எடுக்கிறன்" என்றான்.

பிறகு என்னிடம் காரணத்தைச் சொன்னான். பயிற்சி முகாமுக்கு அவனுடைய இடத்துக்கென்று இரண்டு இளம் பெடியன்களைக் கூட்டிவந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் அவனைவிடத் தூரம் உதைப்பவர்கள். முகாம் தொடங்கிய அன்று அவன் சவரம் செய்ய மறந்துவிட்டான். முகாம் முடிந்தபோது அந்த இருவரையும் அனுப்பிவிட்டார்கள், இவனை வைத்துக்கொண்டார்கள். இனித் தாடியில் கை வைக்க மாட்டானாம். முப்பத்தைந்து வயதில் மூடநம்பிக்கையா என்று கேலி செய்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அக்கா, ஒரு அணியில என்ர வேலைக்கு ஒரு ஆள்தான். நான் ஒரு கிழமை நிக்காட்டி, செவ்வாய்க்கிழமை நாலு பேரைக் கூப்பிட்டு உதைக்கப் பண்ணிப் பாத்து, ஒருத்தனை எடுப்பினம். எடுத்தவனை விடமாட்டினம்."

அவனே அப்படியொரு செவ்வாய்க்கிழமை வந்தவன்தான். அதற்கு முன் மூன்று அணிகள் அவனை வெளியே அனுப்பியிருக்கின்றன. ஒரு தடவை சோபா வாங்கக் கடையில் நின்றபோது தொலைபேசி வந்தது. அதிலிருந்து அவன் கதிரையைவிடப் பெரிய தளபாடம் எதுவும் வாங்குவதில்லை. எட்டு வருடமாக அமெரிக்காவில் இருக்கிறான், வீட்டில் ஒரு சோபா கிடையாது.

செப்டம்பர் 23, திங்கள்

கொக்குகள் தோல்வி. அம்மா கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார். தம்பி உள்ளே வரும்போதெல்லாம் எழுப்பிவிட்டேன். போர்வைகள் தோய்த்தேன்.

அக்டோபர் 4, வெள்ளி

அம்மாவின் ஸ்கான் முடிவு வந்தது. கணையம் என்றார் டொக்டர். அங்கிருந்து ஈரலுக்கும் போய்விட்டதாம். சின்னப் பெண்தான் டொக்டர், பொறுமையாக நெடுநேரம் விளக்கினார். நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். வயிற்றில் ஒரு கட்டி, நோவுக்கு மருந்து தருவார்கள் என்று.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். "அவ இவ்வளவு நேரம் கதைச்சவ. நீ ரெண்டு வசனத்தில முடிச்சிட்டாய், பிள்ளை."

வரும் வழியில் கறிக்கு லீக்ஸ் வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே இருந்தது.

அக்டோபர் 5, சனி

அம்மாவின் கட்டளை: "கசனுக்கு ஒண்டும் சொல்லக்கூடாது. சீசன் முடியட்டும்."

சீசன் ஜனவரி முதல் கிழமையில்தான் முடியும். டிசம்பரைப் பற்றியே டொக்டர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

அம்மாவின் கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து தொலைக்காட்சிக்கு நேரே போட்டோம். இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எனக்குப் பிடித்துக்கொள்ள நேரமில்லை. தபாற்கந்தோரில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் தாதி மொரீன், வந்த வேலை முடிந்தும் கொஞ்ச நேரம் நின்று விளையாட்டைப் பார்த்தார். பச்சைச் சட்டைக்காரர் தடுக்கி விழும்போதெல்லாம் உங்கள் அம்மா ஏன் கை தட்டுகிறார், எதிரணியின் ஆளா என்று கேட்டார். விளக்கினேன். நன்றாகச் சிரித்தார். கதவடியில் செருப்பைப் போடும்போது, தம்பிக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டீர்களா என்றார். சொல்லப்போகிறேன் என்றேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

அம்மாவின் சிநேகிதி பரமேஸ் அன்ரி சூப் கொண்டுவந்தார். கூடவே கதையும். அவருக்குத் தெரிந்த யாரோ ஒருவர் நோர்வேயிலிருந்து மகன் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். மகன் வந்து கையைப் பிடித்த அன்றிரவே போய்விட்டாராம். தூரத்துப் பிள்ளையைப் பார்க்கத்தான் இருப்பார்கள், பார்த்ததும் போவார்கள் என்றார்.

இந்த மாதிரிக் கதைகளை நான் நம்புகிறவள் இல்லை. சூப்பில் உப்பு அதிகம்.

பின்னேரம் தம்பி அழைத்தான். அம்மா நித்திரை என்றேன். உண்மையாகவே நித்திரைதான்.

நவம்பர் 1, வெள்ளி

கமரா பழுது என்று தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். குரல் மட்டும்தான். அம்மா அவனுடன் கதைப்பதற்காக ஒரு மணித்தியாலம் பலத்தைச் சேர்த்து வைத்து, ஐந்து நிமிடத்தில் செலவழிக்கிறார். அவன் வைத்த பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார். வைக்குமுன் கடைசியாகத்தான் என்னிடம் கேட்பான், "அக்கா, நீங்கள் சுகமோ?" பதில் வருமுன் பயிற்சிக்கு நேரமாகிவிடும்.

கோயிலில் எல்லோருக்கும் நான் கஜனின் அக்கா. சுகந்தினி என்று எனக்கும் நாற்பத்திரண்டு வருடமாக ஒரு பெயர் இருக்கிறது. கோபமில்லை. எழுதி வைத்தேன், அவ்வளவுதான்.

தம்பிக்குச் சொன்னீர்களா என்று மொரீன் இன்றும் கேட்டார். அம்மா வேண்டாம் என்கிறார் என்றேன். அது உண்மை.

நவம்பர் 11, திங்கள்

கொக்குகளுக்கு மரண அடி. தம்பிக்கு நல்ல நாள். ஒரு உதை மைதானம் முழுவதையும் கடந்துபோய், எதிரணியின் வாசற்படியில் விழுந்து அப்படியே நின்றது. வர்ணனையாளர்கள் புகழ்ந்து தள்ளினார்கள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னார். ஆனால் பந்து எங்கே போகிறது என்று அவர் பார்க்கவில்லை. பந்து உயர்ந்ததும் நிறுத்தச் சொல்கிறார். என்னதான் பார்க்கிறீர்கள் என்றேன்.

"கையில இருந்து பந்தை விடேக்குள்ள அவன்ர முகத்தைப் பார். ஆறு பேர் இடிச்சு விழுத்த ஓடி வாறாங்கள். இவன்ர முகம் நித்திரை கொள்ளுற குழந்தையின்ர முகம் மாதிரி இருக்கு. சின்னனில அப்பிடித்தான் படுக்கிறவன்."

நானும் பார்த்தேன். எனக்குத் தாடிதான் தெரிந்தது. அம்மாவுக்கும் அதுதான் குறை. "இந்தக் காடு இல்லாட்டி வடிவாத் தெரியும்."

இன்று கஞ்சி மூன்று கரண்டி இறங்கியது.

நவம்பர் 18, திங்கள்

மொரீன் இன்று செருப்பைப் போட்டுக்கொண்டு நின்று கேட்கவில்லை. குசினியில் என்னை உட்காரவைத்துச் சொன்னார். கிழமைக் கணக்கில் இனி யோசிக்க வேண்டாம், நாள் கணக்குத்தான் என்றார்.

தம்பிக்கு எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை ஒரு வசனமும் விடவில்லை. பிறகு கேட்டான்: "ஏன் அக்கா முதலே சொல்லேல்லை?"

அம்மா வேண்டாமென்றவ என்றேன். இன்றைக்கே விமான ரிக்கெற் போடுவதாகச் சொன்னான். முன்னறைக் கட்டிலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா கையை நீட்டினார். தொலைபேசியைக் காதில் வைத்துப் பிடித்தேன்.

"என்னத்துக்கு இண்டைக்கு? நான் என்ன ஓடிப்போகப் போறனோ? ஞாயிற்றுக்கிழமை விளையாடிப்போட்டு வா."

அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. அழுகிறான் என்பது மட்டும் தெரிந்தது.

"கட்டிலடியில நிண்டு அழுற முகம் எனக்கு வேண்டாம், ராசா. கனக்கப் பாத்திட்டன். பந்தை விடேக்குள்ள இருக்கிற முகத்தை ஒருக்கா வடிவாப் பாக்கவேணும். தாடியை எடுத்துப்போட்டு வந்து உதை. பேந்து வா."

அம்மாவிடம் எதிர்த்துப் பேசி இந்தக் குடும்பத்தில் ஒருவரும் வென்றதில்லை. பிறகு அவன் என்னிடம் ஒன்றுதான் கேட்டான், செவ்வாய் வரைக்கும் இருப்பாவோ என்று. ஓம் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? ஓம் என்றேன்.

இரவு மறுபடி எடுத்தான், கோச்சிடம் சொல்லிவிட்டானாம். நல்ல மனுஷன், தோளில் தட்டி, ஞாயிறு முடிந்ததும் போ, எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் நில் என்றாராம். செவ்வாய்க்கிழமை வேறு ஆட்களைக் கூப்பிட வேண்டிவரும், மன்னித்துக்கொள் என்றும் சொன்னாராம். அவனுக்கு இது முதலே தெரியும். எனக்கும் தெரியும். இந்த விளையாட்டு அவனுக்குக் கடைசியாக இருக்கலாம். அதை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

அம்மாவின் தலையை வாரிவிட்டேன். சீப்பில் முடி நிறைய வந்தது, காட்டாமல் மறைத்தேன். நாளைக்குப் பச்சைச் சேலையைப் போர்த்திவிடச் சொன்னார். தேங்காய் வாங்கி வைத்தாயா என்று மூன்று தரம் கேட்டார். வாங்கிவிட்டேன். நிறையவே வாங்கினேன். இந்த வருடம் கொக்குகள் இருக்கிற இருப்பில் நிறையத் தேவைப்படும்.

நவம்பர் 25, திங்கள்

விடியப்புறமே அம்மாவை நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணை வைத்து உட்காரவைத்தேன். பச்சைச் சேலை. கண்ணாடி. நெற்றியில் திருநீறு. ஏரிக்கரையில் நல்ல வெயில். கொக்குகள் புதிதாக ஒரு பெடியனைப் பந்து எறிய விட்டிருந்தார்கள். முதல் நாள், கை நடுங்கும் என்று நினைத்தேன்.

நடுங்கவில்லை. எறிந்ததெல்லாம் போய்ச் சேர்ந்தது. மூன்று தரத்துக்குள் பத்து யார் போய்க்கொண்டே இருந்தார்கள். புள்ளி எடுத்தார்கள். மறுபடி வந்து மறுபடி எடுத்தார்கள். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. தம்பிக்கு வேலையே இல்லை.

"இன்னும் வரேல்லையோ?" அம்மா கேட்டார்.

"வருவான் அம்மா."

"இவங்களுக்கு இண்டைக்கு என்ன வந்தது?" என்றார். அவ்வளவு சலிப்பை அம்மாவின் குரலில் நான் கேட்டதில்லை.

ஒரே ஒரு தடவை மூன்றும் தவறியது. நான் எழுந்துவிட்டேன். உதைக்கும் ஆட்கள் உள்ளே ஓடினார்கள். திரையின் ஓரத்தில் யாரோ தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வருவதுபோல் இருந்தது. "அம்மா, வாறான்" என்றேன். அப்போது நடுவர் மஞ்சள் துணியை எறிந்தார். எதிரணி ஏதோ பிழை விட்டுவிட்டதாம். கொக்குகளுக்கு மறுபடி முதலிலிருந்து நாலு தரம். போனவர்கள் திரும்பிவிட்டார்கள். கமரா அந்தப் பக்கம் போகவே இல்லை.

எனக்குப் பிள்ளையாரிடம் பெரிதாகக் கேட்டுப் பழக்கமில்லை. இன்று கேட்டேன். பந்து நழுவட்டும், அந்தப் பெடியன் வழுக்கி விழட்டும், ஒரே ஒரு தரம் தோற்கட்டும். பிறகும் ஒருமுறை நாலாந்தரம் வந்தது. கோச் தம்பியைக் கூப்பிடவில்லை. இன்று எல்லாம் சரிவருகிறது என்ற துணிவில் ஓடிப்பார்க்கச் சொன்னார். ஓடினார்கள். அதுவும் சரிவந்தது. ஏரிக்கரையில் ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் எங்கள் முன்னறையில் நின்று அவர்களையெல்லாம் வெறுத்தேன்.

அம்மா கண்ணை மூடிவிட்டார். மூச்சு இடைவெளி விட்டு வந்தது. விளையாட்டு முடிய இன்னும் கொஞ்சம்தான். இப்படியே முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ரிமோட்டை எடுத்தேன். தம்பியின் விளையாட்டுகள் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கிறோம். யோசிக்க நேரமில்லை, கைக்கு வந்ததைத் தட்டினேன். இரண்டு வருடத்துக்கு முந்தியது. அதே பச்சைச் சட்டை, அதே மைதானம், கொட்டும் மழை. அவன் உள்ளே வரும் இடத்தைத் தேடி நிறுத்தினேன். அம்மா கண் திறக்கும்வரை கட்டிலடியில் நின்றேன்.

"அம்மா, இஞ்ச பாருங்கோ. கஜன் வாறான்."

அவன் வந்தான். மழையில் கைகளை நீட்டி நின்றான். பந்து வந்தது. பிடித்தான், விட்டான், உதைத்தான். பிறகு கமரா கிட்டப் போனது. அவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். முழு முகமும் திரையில் தெரிந்தது. மழுங்கச் சிரைத்த முகம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவனுக்குத் தாடி இல்லை. அவசரத்தில் செய்த காரியம், இதை யோசிக்கவே இல்லை. நிறுத்தவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்க்கப் பயந்தேன்.

அம்மா அந்த முகத்தை ஆறுதலாகப் பார்த்தார்.

"தாடியை எடுத்திட்டான்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சொன்னாக் கேக்கிற பிள்ளை."

திருப்பிப் போட்டுக் காட்டினேன். பந்தை விடும் இடத்தில் நிறுத்தினேன். போதும் என்று கையைக் காட்டும்வரை பார்த்தார். பிறகு கேட்டார், "தோத்துப் போச்சினமோ?"

"ஓம் அம்மா. நல்லாத் தோத்துப் போச்சினம்."

அம்மாவின் உதட்டில் சிரிப்பு வந்தது. "தேங்காய் மறந்திடாதை."

அதே நாள், பின்னேரம்

அம்மா போய்விட்டார். நானும் இவரும் பக்கத்தில் இருந்தோம். வாய்க்குத் தண்ணீர் விட்டேன். தம்பி கடலுக்கு மேலே எங்கேயோ வந்துகொண்டிருக்கிறான், அவனுக்குத் தெரியாது.

பார்க்கத்தான் இருப்பார்கள், பார்த்ததும் போவார்கள் என்று பரமேஸ் அன்ரி சொன்னார். நான் நம்பவில்லை என்று எழுதினேன். நம்பினேன். அவனுக்குச் சொல்லாமல் அத்தனை கிழமை இழுத்தது அதனால்தான். அவன் வராவிட்டால் அம்மா போகமாட்டார் என்று நினைத்தேன். கடைசியில் அவனைக் காட்டியது நானே.

நவம்பர் 26, செவ்வாய்

விமானநிலையத்துக்கு நான்தான் போனேன். என்ன சொல்வது என்று காரில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தேவைப்படவில்லை. கதவு திறந்து வெளியே வந்தான், என் முகத்தைப் பார்த்தான், பையைக் கீழே வைத்தான்.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். தாடி இல்லை. முகமெல்லாம் வெயிலில் கறுத்திருந்தது. கன்னமும் நாடியும் மட்டும் வெளுப்பாக இருந்தன.

சனிக்கிழமையே எடுத்துவிட்டானாம். அம்மா பார்க்கட்டும் என்று. கார் தரிப்பிடத்தில் வைத்துத்தான் கேட்டான், பார்த்தவவோ என்று.

"பாத்தவ" என்றேன். "தாடியை எடுத்திட்டான், சொன்னாக் கேக்கிற பிள்ளை எண்டு சொன்னவ."

அவன் கையால் நாடியைத் தடவினான். தான் மைதானத்துக்குள் இறங்கவே இல்லையே என்றான். கொஞ்சம் யோசித்து, ஓரத்தில் வலைக்குள் உதைத்துப் பழகிக்கொண்டிருந்தபோது ஒருவேளை கமராவில் காட்டியிருப்பார்கள் என்று அவனே சொன்னான். ஓம், காட்டினார்கள் என்றேன். பிறகு அவன் காரின் கூரையில் நெற்றியை வைத்து அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு கார் இடத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஹோன் அடிக்கவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

செத்தவீடு முடிந்தது. கொள்ளி வைப்பவர் முதலில் முகச் சவரம் செய்ய வேண்டும் என்றார் ஐயர். பிறகு தம்பியைப் பார்த்துவிட்டு, சரி, அது ஆகிவிட்டது என்றார்.

டிசம்பர் 4, புதன்

அங்கே செவ்வாய், இங்கே புதன். தம்பி கொடியில் துணி காயப்போட உதவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. ஓம், விளங்குது, நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னான். வைத்துவிட்டு, அம்மாவின் பச்சைச் சேலையின் மறு நுனியைப் பிடித்து உதறினான். போன கிழமை எடுத்தவனையே வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். இருபத்துமூன்று வயதாம்.

"நல்லா உதைக்கிறானோ?" என்றேன்.

"என்னை விடத் தூரம்" என்றான்.

மற்ற அணிகள் கூப்பிடாதா என்று கேட்டேன். இந்த வயதில் கூப்பிட மாட்டார்கள் என்று சாதாரணமாகச் சொன்னான். எட்டு வருடம் முடிந்தது இப்படித்தான், எங்கள் கொல்லையில், இரண்டு துணிக் கவ்விகளை வாயில் கவ்விக்கொண்டு. எனக்கு அழுகை வந்தது. அவனுக்கு வரவில்லை. சோபா வாங்காதது நல்லதாய்ப் போயிற்று என்றான்.

டிசம்பர் 14, சனி

குசினியில் இருந்தேன். தம்பி முன்னறையில் தொலைக்காட்சியைப் போட்டான். அம்மா போன நாளிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. கடைசியாக எங்கே நிறுத்தினேனோ, அங்கிருந்தே தொடங்கியது. மழையின் சத்தம் கேட்டது. கையில் வெங்காயத்தோடு வாசலில் போய் நின்றேன்.

திரையில் அவன். இரண்டு வருடத்துக்கு முந்திய அவன், மழையில் நனைந்துகொண்டு, பந்தைக் கையிலிருந்து விடப்போகிறான். தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். முதுகுப் பக்கம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஓடவிட்டுப் பார்த்தான். தலைக்கவசத்தைக் கழற்றும் இடம் வரைக்கும் பார்த்தான். பிறகு அணைத்துவிட்டான்.

எழுந்து வந்து என்னைக் கடந்து குசினிக்குள் போனான். "தேத்தண்ணி போடட்டோ, அக்கா?" என்று கேட்டான்.

இஞ்சி போட்டிருந்தான். சீனி கூடிவிட்டது. முழுவதையும் குடித்தேன்.

டிசம்பர் 27, வெள்ளி

முப்பத்தோராம் நாள் காரியமெல்லாம் முடிந்து, துடக்குக் கழிந்து, இன்றைக்குத்தான் கோயிலுக்குப் போனோம். வாங்கி வைத்த தேங்காய்களை இத்தனை நாளில் சம்பலுக்கும் கறிக்கும் எடுத்துவிட்டோம். ஒன்றை மட்டும் யாரும் தொடாமல் சாமித்தட்டில் வைத்திருந்தேன். அதைத் தம்பியின் கையில் கொடுத்தேன். அம்மா மறக்க வேண்டாம் என்றவ என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவனும் கேட்கவில்லை. தேங்காயைக் கையில் ஒரு தரம் உருட்டிப் பார்த்தான்.

"மழைக்குள்ளையும் நல்லாப் போன உதை, அக்கா" என்றான்.

பிறகு பிள்ளையாருக்கு முன்னால் போய் நின்று, தேங்காயை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் நீட்டினான். தாடி கொஞ்சம் முளைத்திருந்தது. ஆனாலும் தெரிந்தது, அம்மா சொன்ன அந்த முகம். சின்ன வயதில் என் மடியில் படுத்து நித்திரை கொள்ளும்போது இருந்த அதே முகம். எட்டு வருடம் தொலைக்காட்சியில் பார்த்தும் எனக்குத் தெரியாதது.

கையை உயர்த்தி எறிந்தான். நன்றாகச் சிதறியது.